ரெண்டு பல்லு அம்மிச்சியும் டென்டேட் என்ற சொல்லும்

எங்கள் அம்மிச்சிக்குப் பல்செட் கட்டலாம் என்று போன மாதம் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மிச்சிக்கு வயது 84. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். வாயில் மிச்சமிருப்பது கீழ்வரிசையில் இரண்டே இரண்டு கோரைப்பற்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டாக்டரம்மா கண்ணாடி விட்டுப் பார்த்தார், தாடை முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொன்னார், அப்புறம் அட்டையில் இரண்டு வரி எழுதினார். மேல்தாடை: எடென்டுலஸ். கீழ்தாடை: டென்டேட், 33, 43.

வெளியே வந்ததும் அம்மிச்சி கேட்டார். "என்ன சாமி எழுதியிருக்குது?"

"மேல பல்லு இல்ல, கீழ இருக்குதுன்னு எழுதியிருக்காங்க அம்மிச்சி."

"அதைச் சொல்றதுக்கு டாக்டருக்குப் படிச்சிருக்கோணுமாக்கும்?"

கேள்வி நியாயமானதுதான். அந்த இரண்டு சொற்களுக்கும் பொருள் அவ்வளவேதான். டென்டேட் என்றால் பல்லுள்ள. எடென்டுலஸ் என்றால் பல்லில்லாத. ஆனால் நான் பல்லடம் பக்கம் தறி ஓட்டிப் பிழைக்கிறவன். 'டென்ட்' என்கிற ஒலி எனக்குப் பல் டாக்டரிடம் போவதற்கு முன்பே பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்று கிளறப் போய், ரோமாபுரி வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 33, 43. எங்கள் மாமா அட்டையைப் பார்த்துவிட்டு "முப்பத்திமூணு பல்லா?" என்று கேட்டார். எண்ணிக்கை இல்லை, விலாசம். வாயை நான்காகப் பிரித்து, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று தெரு எண் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் நடுக்கோட்டிலிருந்து பின்னால் போகப் போக 1 முதல் 8 வரை வீட்டு எண். கோரைப்பல் மூன்றாவது வீடு. ஆக 33 என்றால் கீழ் இடது கோரைப்பல், 43 என்றால் கீழ் வலது கோரைப்பல். வாயில் பொதுவாகக் கடைசி வரை தாக்குப்பிடிப்பவை இந்த இரண்டும்தான். வேர் அவ்வளவு நீளம்.

விஷயம் புரிந்ததும் மாமா சிரித்தார். "அம்மா, உன்னையக் கண்ணபுரம் சந்தைக்குக் கூட்டீட்டுப் போனா ஏவாரி ரெண்டு பல்லுக் கிடாரின்னு வெலை சொல்லிப்போடுவான்."

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கிண்டல் புரியாது, சொல்லிவிடுகிறேன். காங்கேயம் மாடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பல்லை. மாட்டின் கீழ்த்தாடையில் முன்னால் எட்டுப் பற்கள். கன்றுக்கு இருப்பவை எட்டும் பால்பற்கள், அந்தப் பருவத்தில் அதைப் 'பல் போடாத கன்று' என்பார்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து அகலமான புதுப்பற்கள் இரண்டு வரும். அது 'ரெண்டு பல்லு'. மூன்று வயதுவாக்கில் நாலு பல்லு, அதற்கப்புறம் ஆறு பல்லு, நாலரை ஐந்து வயதில் எட்டும் மாறி முடிந்தால் கடை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் வயது தெரிய வேண்டுமென்றால் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிற பழமொழி இந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். எங்கள் அப்புச்சி இருந்த காலத்தில் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்ச்சந்தைக்கு என்னையும் கூட்டிப்போவார். மாட்டின் கீழ் உதட்டைப் பெருவிரலால் இறக்கி ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான், "நாலு பல்லு, மூணு முடிஞ்சுது" என்பார்.

அவர் ஒரு தடவைகூட மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கினாலும் ஒன்றும் இருக்காது. மாடு, ஆடு இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பக்கம் பல்லே முளைப்பதில்லை. தடித்த ஈறு ஒரு பலகை மாதிரி இருக்கும், கீழ்ப்பல் அதன்மேல் அழுத்திப் புல்லைக் கத்தரிக்கும். ஆக மேலே எடென்டுலஸ், கீழே டென்டேட் என்று டாக்டரம்மா எழுதியது காங்கேயத்துக் கிடாரியின் முன்வாய்க்கும் அப்படியே பொருந்தும். மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை.

சரி, மனித வாய்க்கு வருவோம். எத்தனை பல் இருந்தால் டென்டேட்? முப்பத்திரண்டும் இருக்க வேண்டுமா? இல்லை. ஒரே ஒரு இயற்கையான பல் இருந்தால் போதும், கணக்கெடுப்புகளில் அவர் டென்டேட் பட்டியலில் சேர்ந்துவிடுவார். ஈச்சனாரிப் பிள்ளையாரை ஏகதந்தன் என்று கும்பிடுகிறோமே, அந்த ஒற்றைத் தந்தமே இந்தக் கணக்குக்குப் போதுமானது. ஒன்றுகூட இல்லையென்றால்தான் எடென்டுலஸ். பல்செட் போட்டிருந்தாலும் சரி, எலும்பில் திருகாணி மாதிரி இறக்கிய இம்ப்ளான்ட் பல் வரிசையாக இருந்தாலும் சரி, சொந்தப் பல் இல்லையென்றால் கணக்கில் அவர் பல்லில்லாதவர்தான். கல்யாண மண்டபத்தில் முறுக்கைக் கடகடவென்று கடிக்கிற ஒருவர் எடென்டுலஸாக இருக்கலாம், கஞ்சியை மட்டும் குடிக்கிற எங்கள் அம்மிச்சி டென்டேட்டாக இருக்கலாம்.

இதனால் இந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் உண்டு. இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், எதற்கு உதவும் என்று சொல்லாது. அதனால்தான் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். ஏறத்தாழ இருபது சொந்தப் பல் இருந்தால் பல்செட் இல்லாமலே ஓரளவு எல்லாவற்றையும் மென்று தின்னலாம் என்பது ஒரு பொதுக்கணக்கு. ஜப்பானில் 1989இல் '8020' என்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள். எண்பது வயதில் இருபது பல் என்பது அதன் பொருள். எங்கள் அம்மிச்சி வயதுக் கணக்கில் பாஸ், பல் கணக்கில் பதினெட்டு குறைவு.

டாக்டர்கள் ஏன் இதை முதல் வரியாக எழுதுகிறார்கள்?

பல் என்பது எலும்பில் ஆணியடித்தாற்போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் நார்கள் இருக்கின்றன. பல் அந்த நார்களில் ஊஞ்சல் கட்டியதுபோல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நார்களில் நரம்பும் உண்டு. அரிசிம்பருப்புச் சாதத்தில் குருணைபோல் ஒரு கல் கிடந்தாலும் 'நறுக்' என்று தெரிவது இதனால்தான். ஒரு தலைமுடி பல்லிடையில் மாட்டினால்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. பல் போனால் அந்த நாரும் போகிறது, உணர்வும் போகிறது. பல்செட் போட்டவர்கள் கல்லையும் சேர்த்து மென்றுவிடுவது அஜாக்கிரதையால் இல்லை.

இன்னொன்று எலும்பு. தாடையில் பல்லைச் சுற்றி நிற்கிற எலும்பு வரப்பு பல்லுக்காகவே வளர்ந்தது. பல் முளைக்கும்போது அது எழும்பும், பல்லைப் பிடுங்கினால் அதுவும் கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். மேலே விடக் கீழ்த்தாடையில் கரைவது அதிகம். வாய்க்காலில் தண்ணீர் வரப்பை அரிப்பதைப் போலத்தான். பல வருஷம் பல்லில்லாமல் இருந்தவர்களின் முகவாய் மூக்கை நோக்கி ஏறி வருவதையும், உதடு உள்ளே மடிவதையும் பார்த்திருப்பீர்கள். பொக்கை வாய்ச் சிரிப்பு அழகுதான், ஆனால் அதற்குள்ளே எலும்பு தேய்ந்த கணக்கு இருக்கிறது. கீழ்த்தாடையின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக உதட்டுக்குப் போகிற நரம்பு ஒன்று வெளியே வரும். பல் உள்ள தாடையில் அது வரப்புக்குக் கீழே பத்திரமாக இருக்கும். எலும்பு கரையக் கரைய வரப்பு இறங்கி அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அதன்மேல் பல்செட் உட்கார்ந்து அழுத்தினால் சுரீர் என்கும். "செட்டு கட்டிக் குடுத்தாங்க, வலிக்குதுன்னு ஜன்னல்ல வெச்சுட்டேன்" என்று சொல்கிற பெரியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும்.

ஆகவே எக்ஸ்ரே பார்க்கிறவர், பல்செட் செய்கிறவர், தாடை எலும்பு முறிந்தால் கட்டுகிறவர், எல்லோருக்கும் முதல் கேள்வி இது பல்லுள்ள தாடையா, பல்லில்லாத தாடையா என்பதுதான். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவரும் பார்ப்பார். ஆடுகிற பல் இருந்தால் அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. பல்லே இல்லையென்றால் கன்னம் ஒட்டிப்போய் முகத்தில் மாஸ்க் சரியாகப் பொருந்தாது. ஒரே தாடைக்குள்கூடப் பல்லில்லாத இடைவெளிகளுக்கு வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். கென்னடி என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் 1925இல் வகுத்த அந்தப் பிரிவுகள்தான் இன்றும் கல்லூரிகளில் பாடம். அதற்குள் நாம் போக வேண்டாம்.

பல்லோடு பிறந்த ரோமர்

இப்போது சொல்லின் பிறப்பு. லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்'. வேற்றுமை உருபு சேரும்போது அது 'டென்ட்' என்று மாறும். நம் மரம் 'மரத்தை' ஆகிறதே, அந்த மாதிரி. அதன் பின்னால் 'ஆடுஸ்' என்கிற விகுதியைச் சேர்த்தால் அது உள்ளவன், அது உடையது என்று பொருள் வரும். டென்ட்டாடுஸ், பல்லுடையவன். ஆங்கிலம் வாலை வெட்டிவிட்டு டென்டேட் என்று வைத்துக்கொண்டது.

ரோமில் இதைப் பட்டப்பெயராகவே வைத்திருந்த ஒருவர் உண்டு. மானியுஸ் கூரியுஸ் டென்ட்டாடுஸ். கி.மு. 290இல் கான்சல் என்கிற உச்சப் பதவியில் இருந்தவர். கி.மு. 275இல் பிர்ரஸ் என்கிற கிரேக்க மன்னனை இத்தாலியை விட்டு ஓடவைத்த தளபதியும் அவரே. பிறக்கும்போதே வாயில் பல்லோடு பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பிளினி என்கிற பழைய ரோம எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். பெரியவர்கள் எல்லோருக்கும் பல் இருக்கிற ஊரில் ஒருவரை மட்டும் பல்லன் என்று கூப்பிட வேண்டுமானால், அந்தப் பல் இருக்கக் கூடாத நேரத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்படிப் பல்லோடு பிறக்கிற குழந்தைகள் அபூர்வம், ஆனால் உண்டு. நம் பக்கம் அதைப் பார்த்து வீடே பதறும். பெரும்பாலும் அது கீழ் நடுவில் முளைக்க வேண்டிய அதே பால்பல்தான், சீக்கிரமே எட்டிப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். ரொம்ப ஆடினால் குழந்தை விழுங்கிவிடும் என்று எடுத்துவிடுவார்கள், உறுதியாக இருந்தால் விட்டுவிடுவார்கள். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கையும் இங்கே இருக்கிறது. கொங்கு நாட்டில் காதுகுத்து, சீர் எதுவானாலும் மாமன் தலையில்தான் விடிகிறது, பாவம், பல்லும் அவர் தலையிலேயே முளைக்கிறது. எனக்கு மேல்பல்தான் முதலில் வந்ததாம். அந்த மாமாதான் இன்றைக்கு ஏவாரி ஜோக் அடித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.

லத்தீனின் டென்ட் தனியாள் இல்லை, பெரிய பங்காளிக் கூட்டம் அதற்கு. சமஸ்கிருதத்தில் 'தந்த', பாரசீகத்தில் 'தந்தான்', கிரேக்கத்தில் 'ஒடோண்ட்'. ஆங்கிலத்தின் 'டூத்', ஜெர்மனின் 'ட்ஸான்' இரண்டும்கூட இதே குடும்பம்தான். அந்த மொழிகளில் பழைய 'த' ஒலிகள் வேறாக மாறிப்போனதால் முகஜாடை மட்டும் மாறிவிட்டது. இந்தக் குடும்பத்தின் மூலச்சொல்லுக்குத் 'தின்பது' என்று பொருள் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். தின்கிறது எதுவோ அது பல். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

கோவை அவினாசி ரோட்டில் போனால் ஆர்த்தோடான்டிஸ்ட், எண்டோடான்டிஸ்ட், பெரியோடான்டிஸ்ட் என்று போர்டுகள் தெரியுமே, அதில் வால்பக்கம் இருக்கிற 'ஒடான்ட்' கிரேக்கப் பங்காளி. ஆர்த்தோ என்றால் நேராக்குவது, எண்டோ என்றால் உள்ளே, அதாவது வேர் சிகிச்சை, பெரி என்றால் சுற்றிலும், அதாவது ஈறும் எலும்பும். டென்டல் கிளினிக் என்று போர்டு லத்தீனில் தொடங்கும், டாக்டர் பெயருக்குக் கீழே கிரேக்கத்தில் முடியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நம் வீட்டுச் சொல் ஒன்று இந்தக் கூட்டத்தில் இருப்பதுதான். யானைத் 'தந்தம்'. சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்து யானைக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்ட சொல். டென்டல் என்பதும் தந்தம் என்பதும் ஒரே தாத்தாவின் பேரன்கள். உடல்கூறுபடியும் அது சரிதான். யானையின் தந்தம் கொம்பு இல்லை, மேல்தாடையின் வெட்டுப்பல். நமக்கு முன்னால் இருக்கிற அதே வகைப் பல் அங்கே வாய்க்கு வெளியே நீண்டு வளர்ந்திருக்கிறது.

நம் 'பல்' மட்டும் இந்தக் குடும்பத்தில் இல்லை. அது திராவிடச் சொல். மலையாளத்தில் பல்லு, கன்னடத்தில் ஹல்லு. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறித் தாளவாடிக்குப் போனால் காதாலேயே கேட்டுக்கொள்ளலாம். பழந்தமிழில் 'எயிறு' என்றும் ஒரு சொல் இருந்தது, இப்போது வழக்கில் இல்லை.

இல்லாததற்குத்தான் பேர்

எடென்டுலஸ் என்கிற சொல்லும் லத்தீன்தான். 'எ' என்றால் வெளியே, நீங்கிய. பல் நீங்கியவர். ஆங்கிலம் இதை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஓட்டியது. பிற்பாடு யாரோ சிலர், எடென்டுலஸ் என்றால் பல்லில்லாத என்று பொருள், அப்படியானால் முன்னால் இருக்கிற 'எ'யை வெட்டிவிட்டால் பல்லுள்ள என்று வந்துவிடுமே என்று 'டென்டுலஸ்' என்று ஒன்றைச் செய்துவிட்டார்கள். அசிங்கத்தில் 'அ'வை எடுத்துவிட்டு மிச்சத்தை அழகு என்று சொல்வதைப் போல. இன்றைக்கும் சில பல் மருத்துவப் புத்தகங்களில் டென்டேட்டுக்குப் பதில் டென்டுலஸ் என்று இருக்கும். பொருள் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இருப்பதைச் சொல்கிற சொல்லை இல்லாததைச் சொல்கிற சொல்லிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

தமிழிலும் இதே கதைதான். பல்லில்லாத வாய்க்குப் பொக்கை என்று தனிச்சொல் இருக்கிறது. பல் துருத்திக்கொண்டிருந்தால் தெத்துப்பல், எத்துப்பல். ஒழுங்காகப் பல் உள்ள வாய்க்கு என்ன சொல்? ஒன்றும் இல்லை. கொம்பில்லாத மாட்டை மோழை என்போம், கொம்புள்ள மாட்டை மாடு என்போம். இருக்க வேண்டியது இருக்கும்போது யாரும் பேர் வைப்பதில்லை. பல் இருக்கிறவன் பக்கோடா தின்கிறான் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்கிறவர் யார் என்று கவனியுங்கள், பல் இருக்கிறவன் ஒருநாளும் சொல்ல மாட்டான்.

இதற்கு விலக்கு யானை. டாப்சிலிப், சத்தியமங்கலம் காடுகளில் ஆண் யானைகளில் தந்தம் உள்ளதும் இல்லாததும் இரண்டும் உண்டு. அதனால் இரண்டுக்கும் பேர் வேண்டியிருக்கிறது. தந்தம் உள்ளது கொம்பன், இல்லாதது மக்னா. தமிழில் டென்ட்டாடுஸ் என்பதற்கு மிக நெருங்கிய சொல் கொம்பன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்னாவை எடென்டுலஸ் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே கடைவாய்ப்பற்கள் செங்கல் அளவுக்கு இருக்கும். உண்மையான எடென்டுலஸ் வேண்டுமென்றால் அலங்கைப் பார்க்க வேண்டும். எறும்புத்தின்னி என்பார்களே, அது. ஒரு பல்லும் கிடையாது. நீள நாக்கால் எறும்பையும் கரையானையும் ஒட்டி எடுத்து விழுங்கும், அரைப்பதெல்லாம் வயிறு.

பல் இல்லாத இடத்திலும் பல்

டென்டேட் என்பதை வாய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இலை ஓரம் பல்பல்லாக வெட்டியிருந்தால் தாவரவியலார் அதை டென்டேட் என்பார்கள். பனைமட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக் கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு நம் சொல் தெரியும், கருக்கு. கதிர் அறுக்கிற அரிவாளில் அதே மாதிரிப் பல் வெட்டியிருப்பதால் அதுவும் கருக்கரிவாள். மூளைக்குள் டென்டேட் என்று பெயர் தாங்கிய பாகங்கள் உண்டு, ஓரம் நெளிநெளியாக இருப்பதால். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பல் சக்கரத்துக்குப் 'பல் வெட்டுகிறார்கள்'. மனிதனுக்குச் சுற்றி வருவது எல்லாமே வாயை நினைவுபடுத்துகிறது போல.

என் தொழிலுக்கு வருகிறேன். தறியில் பாவு இழைகளை வரிசை கலையாமல் பிரித்து நிறுத்துவது ரீடு. கைத்தறிக்காரர்கள் அச்சு என்பார்கள். சீப்பு மாதிரி நெருக்கமாகக் கம்பிகள். இரண்டு கம்பிக்கு நடுவே உள்ள சந்துக்கு டென்ட் என்று பேர். 60ஆம் நம்பர் ரீடு என்றால் 2 அங்குலத்தில் 60 டென்ட். ஒரு டென்ட்டில் இரண்டு இழை வாங்கினால் அங்குலத்துக்கு 60 இழை. இந்த டென்ட், பிரெஞ்சு மொழியில் பல் என்று பொருள்படும் சொல். லத்தீன் டென்ஸின் நேர் வாரிசு. இருபது வருஷமாக ரீடு மாற்றியிருக்கிறேன், அம்மிச்சியின் அட்டையைப் பார்க்கும்வரை அது பல் என்று எனக்குத் தெரியாது.

மில்லில் ஸ்டோருக்குச் சாமான் கேட்டு 'இன்டென்ட்' போடுகிறோமே, அதிலும் பல் இருக்கிறது. ஐரோப்பாவில் முன்பு ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு தடவை எழுதி, நடுவில் பல்பல்லாக நெளித்து வெட்டி ஆளுக்கு ஒரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது, பல் பொருந்தினால் பத்திரம் அசல். பல் வெட்டிய பத்திரம் என்பதால் இன்டென்ச்சர். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்கிற கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நடாலுக்குப் போன கூலிக்காரர்களின் ஒப்பந்தத்துக்கும் இதே பெயர்தான். அந்தப் பல் யாரைக் கடித்தது என்பது வேறு கதை.

ஒரு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. வண்டியில் இடித்து 'டென்ட்' விழுந்தது, பட்டறையில் டென்ட் எடுத்தேன் என்கிறோம். அது பல் இல்லை. அடி, குத்து என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. டென்ட் கொட்டாயும் இல்லை, அந்த டென்ட் இழுத்துக் கட்டுவது என்கிற வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் மூன்றையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், அவ்வளவுதான் சம்பந்தம்.

மறுபடி அட்டைக்கு. இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். அந்த இரண்டு பல்லையும் பிடுங்கினால் அங்கே எலும்பு கரைந்துவிடும், செட்டு நிற்காது. அப்படியே விட்டால் செட்டை மாட்ட இடைஞ்சல். அதனால் வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குப் பல்லை வெட்டிவிட்டு, வேரை மட்டும் உள்ளேயே வைத்து, அதன்மேல் பல்செட் உட்காரவைக்கலாம். வேர் இருக்கிறவரை அதைச் சுற்றி எலும்பும் ஓரளவு நிற்கும், கடிக்கிற உணர்வும் கொஞ்சம் இருக்கும். அம்மிச்சி ஒத்துக்கொண்டார். வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது.

இப்போது வாயைத் திறந்தால் சொந்தப் பல் ஒன்றுகூட வெளியே தெரியாது. எக்ஸ்ரேயில் 33உம் 43உம் வேர் பிடித்து நிற்கின்றன. "இப்ப நாம் பல்லு இருக்கறவளா, இல்லாதவளா?" என்று அம்மிச்சி டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். அப்புறம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, "சந்தகை நல்லா மெல்ல முடியுதுங்களா?" என்று கேட்டார்.

"முறுக்கே திங்கறேன் கண்ணு" என்றார் அம்மிச்சி. அது பொய். ஊறவைத்துத்தான் தின்கிறார்.